தோள்பட்டை ஜவ்வு கிழிசல்: எந்தத் தையல் என்று முடிவு செய்ய
காரைக்குடியிலிருந்து மதுரைக்குக் காட்டப் போகும்போது எம்.ஆர்.ஐ. அறிக்கை மட்டும் போதாது, படத்தையும் கொண்டுபோங்கள். முதல் கேள்வி ஜவ்வில் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) கிழிசலின் அளவு. 3 செ.மீ.க்குள் என்றால் பெரும்பாலும் ஒற்றை வரிசைத் தையலே, அதாவது ஜவ்வை எலும்பில் ஒரே வரிசையாகத் தைப்பதே போதும். ஆங்கர் (நூலை எலும்பில் பிடித்து வைக்கும் சிறு திருகு) குறைவு, செலவும் குறைவு. அதைத் தாண்டினால் இரட்டை வரிசை: ஜவ்வு எலும்பில் அகலமாகப் படியும், மறுபடி கிழிவது குறையும். ஆனால் சுருங்கிப்போன ஜவ்வை வலிந்து இழுத்து இரண்டு வரிசை போட்டால், உள்வரிசை ஓரத்திலேயே பிய்ந்துவிடும். தசையில் கொழுப்பு அதிகம் ஏறியிருந்தால் எந்தத் தையலும் நிற்பது சந்தேகம்தான். அறுவையை கேமரா விட்டுத் துளை வழியாகச் செய்வதா, சிறு திறப்பு போட்டா என்பதைவிட மருத்துவரின் கைப்பழக்கம் முக்கியம். சர்க்கரையை முன்பே கட்டுக்குள் வையுங்கள். பீடி, சிகரெட் கூடவே கூடாது.

அறுவைக்குப் பிறகு 4 முதல் 6 வாரம் ஸ்லிங் (கையைத் தாங்கும் தொங்கு பட்டை). ஆட்டுக்கல், கிணற்று வாளி எல்லாம் குறைந்தது 3 மாதத்துக்கு வேண்டாம். வலி போனதும் கையை வீசினால் தையல் விட்டுவிடலாம்.