ஏற்காட்டில் பிளம் கேக் நடுவில் குழிவது ஏன்?

சேலத்தில் கச்சிதமாக வரும் கேக், அதே அளவில் ஏற்காட்டில் செய்தால் முதலில் அழகாக உப்பும். கடைசிப் பத்து நிமிடத்தில் நடுவில் குழிந்துவிடும். முட்டை சரியில்லை, ஓவன் சரியில்லை என்று தேட வேண்டாம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால் காற்றழுத்தம் குறைகிறது. மாவுக்குள் இருக்கும் வாயு அதிகமாக விரிகிறது. தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் மாவு இறுகத் தாமதமாகிறது. தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாமல் உப்பியது இறங்குகிறது.

கீழே சேலத்தில், எட்டு அங்குல டின்னுக்கு: மைதா 250 கிராம், வெண்ணெய் 200, சர்க்கரை 150, முட்டை 4, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, ஊறிய உலர்பழம் 400 கிராம், இதோடு கேரமல். ஓவன் 160 டிகிரி. மலையில் பேக்கிங் பவுடரை முக்கால் தேக்கரண்டியாகவும் சர்க்கரையை 130 கிராமாகவும் குறையுங்கள். பால் 2 மேசைக்கரண்டி புதிதாகச் சேருங்கள். வெப்பம் 170 டிகிரி. கேக் சரியாக உப்பவில்லையே என்று பேக்கிங் பவுடரைக் கூட்டுவதுதான் அங்கே அதிகம் நடக்கும் தவறு. குழி இன்னும் ஆழமாகும். முட்டையை நுரை பொங்க அடிப்பதும் அப்படித்தான்.

மார்கழிக் குளிரில் வெண்ணெய் இரவு முழுக்க வெளியே இருந்தாலும் இளகாது. அப்படியே அடித்தால் சர்க்கரையோடு சேராது. அடுப்பில் வைத்து உருக்குவது அதைவிட மோசம், உருகிய வெண்ணெய் காற்றைப் பிடித்து வைக்காது. சிறு துண்டுகளாக நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் ஐந்து நிமிடம் வைத்தால் விரல் அழுந்தும் பதம் கிடைக்கும். முட்டைகளையும் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். சில்லென்ற முட்டையைச் சேர்த்துக் கலவை திரிந்தால், ஒரு மேசைக்கரண்டி மைதா தூவிக் கலந்தால் கூடிவிடும்.

கேரமலில் பயம்தான் கெடுதல். 100 கிராம் சர்க்கரை தேன் நிறம் வந்ததும் இறக்கினால் கேக் வெளுத்துப்போகும். கறுத்துப் புகைய விட்டால் கசக்கும். கடும் செம்பழுப்பில் அடுப்பை அணைத்துவிட்டு, சுடுதண்ணீர் 80 மில்லி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கையில் தெறிக்கும், பாகும் கட்டி தட்டும். முழுதும் ஆறிய பிறகே மாவில் சேர்க்க வேண்டும்.

சேர்வராயன் மலை ஆரஞ்சுத் தோலைத் துருவிச் சேர்க்கிறவர்கள் மேல் நிறத்தோடு நிறுத்துங்கள். உள் வெள்ளைப் பகுதி கேக் முழுக்கக் கசப்பாக்கும். பழச்சாற்றில் ஊறவைத்த பழத்தை வடிகட்டி, ஒரு கரண்டி மைதாவில் புரட்டிப் போடாவிட்டால் அடியில் தங்கும். முதல் முக்கால் மணி நேரம் ஓவன் கதவைத் திறக்காதீர்கள்.

கேக்கோடு கிறிஸ்துமஸுக்குப் பொரிக்கும் இனிப்பான கலகலாவுக்கு எண்ணெய் அதிகம் காய்ந்தால் வெளியே சிவக்கும், உள்ளே மாவு பச்சையாக இருக்கும். மிதமான தீயில், ஒரு மாவுத் துளி அடியைத் தொட்டு மெதுவாக மேலெழும்பும் சூட்டில் போடுங்கள். சர்க்கரைப் பாகுக்குத் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: சேலத்தில் பயன்படும் எண்ணிலிருந்து மலையில் 4 டிகிரி குறைத்தால்தான் அதே பதம். இல்லாவிட்டால் பாகு முற்றிவிடும். கம்பிப் பதத்தை விரலால் பார்ப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

பனிமூட்டத்தில் திறந்து வைத்த கலகலா சீக்கிரமே நமுத்துவிடும். சூட்டோடு மூடினாலும் வியர்த்து நமுக்கும். ஆறிய உடனே, இடைவெளி விடாமல், இறுக்கமான டப்பாவில் அடைத்துவிட வேண்டும். கேக்கும் சூடு முழுதும் போன பிறகே பட்டர் தாளில் சுற்றப்பட வேண்டும், குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து.