கண்ணுக்குத் தமிழ், காதுக்குக் குப்பை: பாடக் குறிப்பைத் திரைவாசிப்பானுக்கு ஏற்றதாக்குவது எப்படி?

திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள்தான் திரைவாசிப்பான். அவற்றில் ஒன்றான என்.வி.டி.ஏ இலவசம், கணினியில் ஏற்றச் சில நிமிடம் போதும். பல கல்லூரித் துறைகள் அத்தோடு கைகழுவிவிடுகின்றன. பார்வையற்ற மாணவர் குறிப்பைத் திறந்தால் கணினி ஏதோ உளறுகிறது. கோளாறு கோப்பில்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் என்பது திரைத்தோற்றம் மட்டுமே. உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துகள். பாமினியில் அடித்த 'அம்மா' திரைவாசிப்பானுக்கு 'எம், கே, செமிகோலன், கே, எச்'. ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்: தமிழாகவே நின்றால் யூனிகோடு, அதாவது உள்ளேயும் தமிழாகவே பதிவான எழுத்து. (நோட்பேடுக்கே பாமினியை வைத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள்.) இல்லையென்றால் பழைய எழுத்துருவை யூனிகோடாக்கும் எழுத்துரு மாற்றியில் போட வேண்டும். மூல எழுத்துருவைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் வேறு குப்பை வரும். இடையிடையே உள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறிச் சிதையும். அவற்றைப் பிறகு கையால் திருத்துங்கள்.

அச்சுப் புத்தகமா? 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), பக்கம் வளையாமல் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாகிவிடும். பக்கவாட்டில் இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கத்தை முன்பே இரண்டாக வெட்டுங்கள். இல்லையேல் வரிகள் குறுக்கே கலந்துவிடலாம். 'ர' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால், 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு: இவை கண்ணில் படவே படா. காதுதான் பிடிக்கும்.

தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் போதாது. வேர்டில் கன்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தித் தலைப்புப் பாணி கொடுங்கள். அப்போதுதான் நாற்பது பக்கக் குறிப்பில், இன்சர்ட், ஸ்பேஸ் அழுத்தி என்.வி.டி.ஏ-வின் உலாவல் நிலைக்குப் போனபின், 'எச்' விசையைத் தட்டித் தலைப்புத் தலைப்பாகத் தாவலாம்.

படத்துக்குப் பதில் திரைவாசிப்பான் படிக்கும் மாற்று உரையில் (alt text) 'வரைபடம்' என்று மட்டும் எழுதுவது வீண். 'தேவைக் கோடு வலப்பக்கம் சரிகிறது, அளிப்புக் கோடு ஏறுகிறது, வெட்டும் புள்ளி சமநிலை விலை' என்று எழுதுங்கள். இதைப் பாடம் நடத்துபவரே எழுத வேண்டும். அலுவலக உதவியாளர் தலையில் கட்டாதீர்கள்.

குரலுக்கு: என்.வி.டி.ஏ-வில் இன்சர்ட், கன்ட்ரோல், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி, எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக் என்ஜியைத் தேர்ந்தெடுத்து, குரல் அமைப்பில் தமிழை வையுங்கள். இயந்திரக் குரல்தான், ஆனால் வேகம் கூட்டினாலும் சொல் குழையாது.

கோப்பை அனுப்புமுன் மானிட்டரை அணைத்துவிட்டு ஒரு பக்கம் முழுதாகக் கேளுங்கள். எங்கே புரியாமல் கை மானிட்டர் பொத்தானுக்குப் போகிறதோ, அந்த வரியைத் திருத்துங்கள்.