வைட்டமின் சி ட்ரிப்ஸ்: எந்த வடிவம் என்று பார்க்கும்போது நேரும் தவறுகள்

ட்ரிப்ஸில் ஏற்றுவதற்கு அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி-யின் வேதிப்பெயர்) நல்லதா, அதன் சோடியம் உப்பான சோடியம் அஸ்கார்பேட் நல்லதா? பலர் முதலில் கேட்பது இதைத்தான். முறையாகத் தயாரான ஊசி மருந்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். அஸ்கார்பிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்தால் அதன் பிஎச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கும், கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாறு. அதை அப்படியே ரத்தக்குழாயில் விட்டால் குழாயின் உட்சுவர் புண்ணாகிவிடும். அதனால் தயாரிக்கும்போதே சோடியம் பைகார்பனேட்டோ சோடியம் ஹைட்ராக்சைடோ சேர்த்து, பிஎச் 5.5 முதல் 7 வரை வரும்படி செய்துவிடுகிறார்கள். அமிலம் அங்கேயே சோடியம் உப்பாகிவிடுகிறது. லேபிளில் 'அஸ்கார்பிக் அமில ஊசி' என்று போட்டிருந்தாலும் குப்பிக்குள் இருப்பது பெரும்பாலும் சோடியம் அஸ்கார்பேட்தான்.

ஆக, பெயரை வைத்துத் தேர்ந்தெடுப்பது முதல் தவறு. மாத்திரை வாங்கும்போது கேட்கும் கேள்விகளை ஊசிக்கும் கொண்டுவருவதால்தான் இது நடக்கிறது. மாத்திரையில் 'அமிலம் குறைக்கப்பட்டது', 'கால்சியம் அஸ்கார்பேட்', 'லிப்போசோமல்' என்றெல்லாம் வருவது வயிற்றையும் குடலையும் மனதில் வைத்து. நுண்ணிய கொழுப்பு உறைக்குள் அடைத்த லிப்போசோமல் வகையின் நோக்கமே குடலைத் தாண்டி உள்ளே போவது; ட்ரிப்ஸில் குடலே குறுக்கிடாதபோது அதற்கு அங்கே என்ன வேலை? கால்சியம் உப்பு வயிற்றுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் அவ்வளவு கால்சியம் வேகமாக ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். கொழுப்பில் கரையும் வகையான அஸ்கார்பில் பால்மிடேட் தண்ணீரில் சரியாகக் கரைவதே இல்லை.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. '99.9 சதவீதம் தூய்மை' என்று விற்கும் பொடியை வாங்கி, சமையல் சோடா கலந்து, காகிதப் பட்டையில் பிஎச் சரிபார்த்து, 'இதுவும் அதே சோடியம் அஸ்கார்பேட்தானே' என்று நினைப்பது. வேதியியல் பாதி சரி. மீதிப் பாதி உயிரை வாங்கும். தூய்மைச் சதவீதம் என்பது அந்தப் பொடியில் அஸ்கார்பிக் அமிலம் எவ்வளவு என்றுதான் சொல்கிறது. கிருமி இருக்கிறதா, எண்டோடாக்சின் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. எண்டோடாக்சின் என்பது சிலவகை பாக்டீரியாக்களின் மேலுறையிலிருந்து வரும் பொருள். நம் குடலில் அது எப்போதும் இருக்கிறது, ஒன்றும் செய்வதில்லை. ரத்தத்தில் மிகச் சிறிய அளவு கலந்தாலும் குளிர்காய்ச்சல், ரத்த அழுத்த வீழ்ச்சி என்று போகும். கொதிக்கவைத்தால் அது அழியாது. பாக்டீரியாவைப் பிடிக்கும் 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நிற்காது. 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்தால் அழியும். ஆனால் வைட்டமின் சி 190 டிகிரி அருகிலேயே உருகிச் சிதைந்துவிடும். அதாவது, எண்டோடாக்சின் கலந்த பொடியை வீட்டில் சரிசெய்ய வழியே கிடையாது. உணவுத் தரம் வேறு, ஊசித் தரம் வேறு.

மூலப்பொருள் பற்றியும் பெரிய பேச்சு நடக்கிறது. மக்காச்சோளத்திலிருந்து எடுத்ததா, மரவள்ளியிலிருந்தா என்று. வைட்டமின் சி-யைக் குளுக்கோஸிலிருந்துதான் செய்கிறார்கள்; எதிலிருந்து குளுக்கோஸ் எடுத்தாலும் கடைசியில் கிடைக்கும் மூலக்கூறு ஒன்றேதான். மக்காச்சோள ஒவ்வாமை உள்ளவர் மருத்துவரிடம் அதைச் சொல்லிவைப்பது நல்லது. மற்றவர்கள் இதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

சரி, அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? முதலில் செறிவு. ஒரு மி.லி.யில் 100 மி.கி. உள்ள ஊசியும் உண்டு, 500 மி.கி. உள்ளதும் உண்டு. 'ரெண்டு ஆம்பூல் போடுங்க' என்று வாய்வழியாகச் சொன்னால் ஐந்து மடங்கு வித்தியாசம் வரலாம். அப்புறம், சில லேபிள்கள் அளவை அஸ்கார்பிக் அமிலமாகச் சொல்லும், சில சோடியம் அஸ்கார்பேட்டாகச் சொல்லும். ஒரு கிராம் அமிலம் 1.125 கிராம் சோடியம் உப்புக்குச் சமம். 562.5 மி.கி. என்று பார்த்தால் இது என்ன விசித்திரமான எண் என்று தோன்றும். அது 500 மி.கி. அமிலம்தான்.

அளவு என்றதும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2017-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரு வைட்டமின் சி ஊசிக்கு அனுமதி கொடுத்தது, வைட்டமின் சி குறைபாட்டால் வரும் ஸ்கர்வி நோய்க்கு மட்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 200 மி.கி., அதிகபட்சம் ஏழு நாள். அதற்குமேல் 10 கிராம், 25 கிராம், 50 கிராம் என்று ஏற்றுவதெல்லாம் அந்த அனுமதிக்கு வெளியே நடப்பது. தீவிர சிகிச்சைப் பிரிவில் செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) நோயாளிகளுக்கு அதிக அளவு கொடுத்துப் பார்த்த லோவிட் ஆய்வு 2022-இல் வெளிவந்தது. 28-ஆம் நாளில் மரணம் அல்லது நீடித்த உறுப்புச் செயலிழப்பு வைட்டமின் சி பெற்றவர்களில் 44.5 சதவீதம், பெறாதவர்களில் 38.5 சதவீதம். 'வைட்டமின்தானே, என்ன ஆகிவிடும்' என்று சொல்பவர்களிடம் நான் இந்த இரண்டு எண்களைத்தான் காட்டுவது.

அதிக அளவில்தான் சோடியம் என்ற சொல்லின் கனம் தெரியும். 25 கிராம் வைட்டமின் சி நடுநிலையாக்கப்பட்டு உள்ளே போகும்போது கூடவே ஏறத்தாழ 3.2 கிராம் சோடியமும் போகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 2 கிராம். இதயம் பலவீனமானவர், உடலில் நீர் கோர்த்தவர், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர் இதைக் கணக்கில் எடுக்காமல் படுத்துக்கொள்ளக் கூடாது.

எதில் கலக்கிறார்கள் என்பதும் வடிவத்தோடு ஒட்டிய விஷயம், அதிகம் தவறுவதும் இங்கேதான். ரத்தத்தின் அடர்த்தியை ஆஸ்மோலாரிட்டி (கரைந்துள்ள துகள்களின் அளவு) கணக்கில் சுமார் 290 என்று வைத்தால், மி.லி.க்கு 500 மி.கி. உள்ள கரைசல் 5,900 அளவில் இருக்கும். நீர்க்காமல் ஏற்றவே கூடாது. 25 கிராமை அரை லிட்டர் ஊசி நீரில் (எதுவும் சேராத கிருமி நீக்கிய நீர்) கலந்தால் 500 அளவுக்கு இறங்கும். அதையே சலைனில் (உப்பு நீர்) கலந்தால் 800-ஐத் தொடும், கை வலிக்கும், ரத்தக்குழாய் வீங்கும். அதனால் பெரிய அளவுக்கு ஊசி நீர் பயன்படுகிறது. ஆனால் அதே பழக்கத்தில் ஒரு கிராமை அரை லிட்டர் ஊசி நீரில் கலந்தால் அடர்த்தி 25-ஐக்கூட எட்டாது; சிவப்பணுக்கள் தண்ணீர் குடித்து வெடித்துவிடும். சின்ன அளவுக்குச் சலைனோ டெக்ஸ்ட்ரோஸோ (சர்க்கரை நீர்)தான். அதே பையில் பி12-ஐயும் சேர்ப்பது வீண், வைட்டமின் சி அதைச் சிதைத்துவிடும்.

பலமுறை குத்தி எடுக்கும் குப்பிகளில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சைல் ஆல்கஹால் இருக்கலாம், பச்சிளங்குழந்தைகளுக்கு அது ஆகாது. சில ஆம்பூல்களில் சல்பைட் இருக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். கரைசல் நிறமற்றோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கலாம். பழுப்பேறியிருந்தால் ஆக்சிஜன் பட்டுக் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

எவ்வளவு சரியான குப்பியைத் தேர்ந்தெடுத்தாலும் ஆள் பொருந்தவில்லை என்றால் பயனில்லை. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவருக்கு அதிக அளவு ஏற்றினால் சிவப்பணுக்கள் உடையும். ஒரு ரத்தப் பரிசோதனையில் முன்பே தெரிந்துகொள்ளலாம். வைட்டமின் சி உடலில், சிறுநீரகத்தில் கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட்டாக மாறுவதால் சிறுநீரகக் கோளாறோ கல்லோ இருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். சர்க்கரை நோயாளிக்கு வேறொரு சிக்கல்: வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் சில கருவிகள் வைட்டமின் சி-யையும் சர்க்கரையாக எண்ணி உயர்ந்த அளவைக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் உண்மையான சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய்விடும். ட்ரிப்ஸ் முடிந்து 24 மணி நேரத்துக்கு அந்தக் கருவியை நம்பாமல், ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.