ப்ரீடயாபடிஸும் ஒத்துழைக்காத வயிறும்: இரண்டுக்கும் பொருந்தும் சாப்பாட்டை அமைப்பது எப்படி?

வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 100 முதல் 125 மி.கி. வரை, அல்லது எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் அது ப்ரீடயாபடிஸ், அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. முடிவு கைக்கு வந்ததும் கிடைக்கும் அறிவுரை எல்லோருக்கும் ஒன்றுதான்: முழு தானியம், பயறு, பச்சைக் காய்கறி, நிறைய நார்ச்சத்து. வயிறு நன்றாக இருப்பவர்களுக்கு அது நல்ல அறிவுரை. ஐபிஎஸ் எனும் குடல் எரிச்சல் நோய், நெஞ்செரிச்சல், இரைப்பை மெதுவாகக் காலியாகும் கோளாறு போன்றவை உள்ளவர்கள் அதை ஒரே நாளில் தொடங்கினால் வயிறு உப்பி, வலித்து, சில நாளில் பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். இதற்குப் பெரும்பாலும் வரிசை மாறிப்போனதுதான் காரணம். முதலில் அளவும் சாப்பிடும் முறையும் மாற வேண்டும். நார்ச்சத்து அதன் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக வரட்டும்.

சாப்பாட்டில் கைவைக்கும் முன் சில பரிசோதனைகளை முடித்துவிடுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்ற சந்தேகம் இருந்தால், அதை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். குறைந்தது 6 வாரமாவது தினமும் கோதுமை சாப்பிட்டு வந்தால்தான் முடிவு நம்பத்தக்கது. நிறுத்திவிட்டுப் பார்த்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். குடல் நோயால் இரும்புச்சத்துக் குறைந்திருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். ஆகவே ஹீமோகுளோபினும், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பாருங்கள். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து, கூடவே சர்க்கரையும் ஏறினால் கணையத்தைச் சோதிக்க வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் எது இருந்தாலும் உணவு மாற்றத்தைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அளவும் வரிசையும்

ஒரு வேளைக்கு 30 முதல் 45 கிராம் மாவுச்சத்து என்று தொடங்கலாம். வெந்த சோறு ஒரு கப் எடுத்தால் ஏறத்தாழ 45 கிராம். முக்கால் கப் போதும். வேகவைத்த உருளைக்கிழங்கு 150 கிராமில் சுமார் 30 கிராம் இருக்கும். தட்டில் மாவுப்பண்டம் கால் பங்கைத் தாண்டக் கூடாது. இன்னொரு கால் பங்கு புரதம்: இரண்டு முட்டை, 100 கிராம் மீன் அல்லது கோழி, இல்லையென்றால் கெட்டி டோஃபு. பாதித் தட்டுக்கு நன்றாக வெந்த கேரட், வெள்ளரி, சுரைக்காய், கத்தரிக்காய், கீரை போன்றவை.

புரதத்தையும் காய்கறியையும் முதலில் சாப்பிட்டு, சோறு, ரொட்டியைக் கடைசியில் சாப்பிடுங்கள். அதே அளவு உணவுக்கே சர்க்கரை ஏற்றம் குறையும், குடலுக்குக் கூடுதல் சுமையும் இல்லை. சாப்பிட்டதும் 10 முதல் 15 நிமிடம் மெதுவாக நடந்தால் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், வாயுவும் நகரும். இந்த இரண்டுக்கும் செலவும் இல்லை, பக்கவிளைவும் இல்லை. முதல் இரண்டு வாரம் இவற்றை மட்டும் செய்தாலே போதும்.

மாவுச்சத்தைக் குறைத்த இடத்தை வறுத்த பண்டத்தாலும் வெண்ணெயாலும் நிரப்பிவிட வேண்டாம். கொழுப்பு இரைப்பையை மந்தமாக்கி நெஞ்செரிச்சலைக் கிளப்பும். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

வாயு எங்கிருந்து வருகிறது?

வெங்காயம், பூண்டு, கோதுமையில் உள்ள ஃபிரக்டான், பயறுகளில் உள்ள காலக்டோ-ஒலிகோசாக்கரைடு, பாலில் உள்ள லாக்டோஸ், சில பழங்களின் ஃபிரக்டோஸ் ஆகியவை சிறுகுடலில் முழுதாகச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கின்றன. ஃபோட்மேப் என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது இவற்றைத்தான். மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த முறைப்படி, இவற்றை 2 முதல் 6 வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பலர் இரண்டாம் பகுதியை விட்டுவிடுகிறார்கள். அதனால் உணவுப் பட்டியல் சுருங்கி, சோறும் உருளைக்கிழங்குமே மிஞ்சி, சர்க்கரை ஏறுகிறது.

பயறை முழுதாக விட வேண்டியதில்லை. இரவு முழுக்க ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிட்டுக் கால் கப் மட்டும் சாப்பிடலாம். பூண்டு மணம் வேண்டுமென்றால் பல்லை எண்ணெயில் வதக்கி எடுத்துவிடுங்கள். ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது. வாழைப்பழம் கனியக் கனிய ஃபிரக்டானும் சர்க்கரையும் கூடும். ஆகவே கெட்டியான சிறு பழமே நல்லது.

கடையில் வாங்கும்போது லேபிளை அவசியம் படியுங்கள். ‘சுகர்ஃப்ரீ’ மிட்டாயிலும் பிஸ்கட்டிலும் இருக்கும் சார்பிட்டால், மால்டிட்டால் என்ற இனிப்பூட்டிகள் வயிற்றுப்போக்கை வரவழைக்கும். ‘நார்ச்சத்து சேர்த்தது’ என்றால் பெரும்பாலும் இனுலின் (இன்சுலின் அல்ல, ஃபிரக்டான் வகை நார்) அல்லது சிக்கரி வேர்; ஐபிஎஸ் உள்ளவர்களுக்கு அது வாயுவுக்கு அழைப்பு. குளூட்டன் இல்லாத ரொட்டி அரிசி மாவாலும் மரவள்ளி மாவாலும் செய்யப்பட்டிருந்தால் சர்க்கரையை வேகமாக ஏற்றும். லாக்டோஸ் நீக்கிய பாலில் லாக்டோஸ் உடைக்கப்பட்டிருக்கிறதே தவிர மாவுச்சத்து குறையவில்லை, 250 மி.லி.யில் சுமார் 12 கிராம் அப்படியே இருக்கும். சர்க்கரை குறையும் என்று உணவுக்கு முன் வினிகர் குடிக்கும் பழக்கம் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஆகாது.

நார்ச்சத்தைக் கூட்டும் விதம்

குறைவாகப் புளித்து, நீரில் கூழாகும் நார்தான் இங்கே உதவும். அதில் முதலிடம் இசப்கோலுக்கு. இந்தக் கூழ் சர்க்கரை உறிஞ்சப்படும் வேகத்தைக் குறைக்கும். மலச்சிக்கல், இளகிய மலம் இரண்டிலும் பயன்படும். அரை டீஸ்பூனை 250 மி.லி. தண்ணீரில் கலக்கி உடனே குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். வாரத்துக்கு அரை டீஸ்பூன் வீதம் கூட்டுங்கள். உப்புசம் வந்தால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள். மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி வேண்டும். அடுத்ததாக ஓட்ஸ்: உலர்ந்த நிலையில் 40 கிராம் எடுத்து நன்றாக வேகவையுங்கள்.

இரைப்பை மெதுவாகக் காலியாகும் கோளாறோ குடலில் குறுகலோ உள்ளவர்கள் இசப்கோலைத் தொடக் கூடாது, கட்டியாகிச் சிக்கிக்கொள்ளலாம். அவர்களுக்குத் தோல் நீக்கிக் குழைய வேகவைத்த உணவை நாளைக்கு 5 அல்லது 6 சிறு வேளைகளாகப் பிரிப்பது நல்லது. சர்க்கரை உச்சமும் அவர்களுக்குத் தாமதமாக வரும் என்பதால் 2 மணி நேரத்தில் மட்டுமன்றி 3 மணி நேரத்திலும் அளந்து பார்க்க வேண்டும்.

அளந்து பாருங்கள்

வாரத்தில் இரண்டு நாள், சாப்பிடும் முன்பும், முதல் வாய் எடுத்து 2 மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். பிந்தைய அளவு 140-க்குக் கீழே இருந்தால் அந்தத் தட்டு உங்களுக்குப் பொருந்துகிறது. தாண்டினால் மாவுப்பண்டத்தை நாலில் ஒரு பங்கு குறைத்து அதே உணவை மறுபடி சோதியுங்கள். பக்கத்திலேயே உப்புசம், வலி, மலத்தின் தன்மை ஆகியவற்றையும் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே, அதுவும் 3 நாளாவது நீடிக்க வேண்டும். இல்லையென்றால் எது கெடுத்தது என்று தெரியவே தெரியாது.

கூடுதல் எடை உள்ளவர்கள் தங்கள் மொத்த உடல் எடையில் 5 முதல் 7 சதவீதம் குறைத்தால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். குடல் நோயால் ஏற்கெனவே மெலிந்திருப்பவர்களுக்கு இந்த இலக்கு பொருந்தாது. அவர்கள் உணவியலாளரின் துணையோடு புரதத்தைக் கூட்டி எடையைக் காப்பாற்ற வேண்டும்.

சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை எழுதிக் கொடுத்த பிறகு வயிற்றுப்போக்கு தொடங்கியிருந்தால் உணவைக் குறை சொல்லும் முன் மாத்திரையைச் சந்தேகியுங்கள். சாப்பாட்டோடு எடுப்பதும், மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவதும் பலருக்குத் தீர்வாகும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள். எச்பிஏ1சியை மூன்று மாதத்துக்கு முன் மறுபடி பார்ப்பதில் பயனில்லை, ஏனென்றால் அது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைத்தான் காட்டும்.