இ-பைக் ஓட்டும்போது மோட்டார் வாட்ஸை எப்படி பார்க்கணும்

டிஸ்ப்ளேல ஸ்பீடையும் பேட்டரி கட்டையும் பார்த்தே பழகிட்டோம், ஆனா பேட்டரி வீடு வரைக்கும் வருமா, மோட்டார் சூடாகப் போகுதான்னு முன்னாடியே சொல்ற நம்பர் வாட்ஸ்தான்.

முதல்ல உங்க டிஸ்ப்ளேல அது இருக்கான்னு பாருங்க, நிறைய மாடல்ல பட்டனை அழுத்த அழுத்த ட்ரிப், ஓடோ, வாட்ஸ்னு மாறிட்டே வரும். இல்லைன்னா பேட்டரிக்கும் கண்ட்ரோலருக்கும் (மோட்டாருக்குப் போற கரண்டை கட்டுப்படுத்துற பெட்டி) நடுவுல ஒரு வாட்மீட்டர் போட்டுக்கலாம். கண்ட்ரோலர் இழுக்கிற அதிகபட்ச ஆம்ப்ஸைத் தாங்குற மீட்டரா எடுங்க, பிளஸ் மைனஸ் மட்டும் மாறிடவே கூடாது, மாறினா கண்ட்ரோலர் காலி.

வாட்ஸ்ங்கிறது வோல்ட்டை ஆம்ப்ஸால பெருக்கினா வர்றது. 48 வோல்ட் பேட்டரி, 15 ஆம்ப் கண்ட்ரோலர்னா 720 வாட்ஸ். ஆனா அதே பேட்டரி ஃபுல் சார்ஜ்ல 54 வோல்ட்டுக்கு மேல நிக்கும், தீரப்போற நேரத்துல 42க்கு வந்துடும், அப்போ அதே 15 ஆம்ப் இழுத்தாலும் 630 வாட்ஸ்தான் வரும். சார்ஜ் கம்மியானா வண்டி இழுவை குறையறது இதனாலதான், ரிப்பேர்னு பயப்படாதீங்க. அதே மாதிரி 250 வாட் மோட்டார் கிளம்பும்போது 500 காட்டினாலும் தப்பில்லை, 250ங்கிறது விடாம ஓடினா தாங்குற அளவு. இன்னொண்ணு, மீட்டர் காட்டுறது பேட்டரில இருந்து போற பவர், சக்கரத்துக்கு முழுசா வராது, ஒரு பங்கு சூடா போயிடும்.

அதனால வாட்ஸை தனியா பார்க்காதீங்க, ஸ்பீடோட சேர்த்துப் பாருங்க, இதுதான் ரொம்ப முக்கியம். 30 கிமீ வேகத்துல 500 வாட்ஸ் போனா ஹப் மோட்டாருக்கு (சக்கரத்தோட நடுவுலயே இருக்கிற மோட்டார்) சுலபம், அதே 500 வாட்ஸ் மேட்டுல 8 கிமீ வேகத்துல போனா பெரும்பகுதி சூடாத்தான் மாறும், அப்படியே ரொம்ப நேரம் ஏத்தினா உள்ளே காயில் கருகிடும். நல்லா பெடல் போட்டு மோட்டாரோட சுமையைக் குறைங்க, முடியலைன்னா நிறுத்தி ஆறவிட்டுப் போங்க. மோட்டார் பெடல் கிட்ட இருக்கிற மிட் டிரைவ்னா சின்ன கியருக்கு மாத்தினாலே போதும், மோட்டார் நல்லா சுத்த ஆரம்பிச்சிடும்.

தூரக் கணக்குக்கு வாட்ஸை ஸ்பீடால வகுங்க. 20 கிமீ வேகத்துல 200 வாட்ஸ்னா கிலோமீட்டருக்கு 10 வாட் ஹவர் (ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடினா செலவாகுற கரண்ட்), 480 வாட் ஹவர் பேட்டரி 48 கிமீ வரும், கொஞ்சம் மிச்சம் வெச்சு 40ன்னு எடுத்துக்கோங்க. வேகம் கூடினா காத்து தடுக்கிறது பயங்கரமா ஏறும், 25ல இருந்து 35க்கு போனாலே தேவைப்படுற பவர் ரெண்டு மடங்கைத் தாண்டிடும்.

காத்தில்லாத நாள்ல சமமான ரோட்டுல பெடல் போடாம த்ராட்டில்ல மட்டும் ஒரே வேகத்துல ஓட்டி வர்ற நம்பரை எழுதி வெச்சுக்கோங்க, நம்பர் நொடிக்கு நொடி ஆடும், நடுவுல எங்க நிக்குதோ அதை எடுங்க, ரோட்டை விட்டு கண்ணை ரொம்ப நேரம் எடுக்காதீங்க. பின்னாடி அதே இடத்துல அதே வேகத்துக்கு வாட்ஸ் கூடுதலா வந்தா டயர்ல காத்து கம்மி, இல்லைன்னா பிரேக் உரசுது. மோட்டார் இருக்கிற சக்கரத்தைத் தூக்கி கையால சுத்திவிட்டுப் பாருங்க, டிஸ்க் உரசுற சத்தம் கேட்டா பிரேக்கை சரி பண்ணிட்டு மறுபடி அளந்துக்கோங்க.