பென்ஷன் இல்லாத முன்னாள் படைவீரருக்கு வீடு: செட்டிநாட்டில் எப்படித் தொடங்குவது?

பட்டாளத்துக்குப் போய் வந்தவர் என்றாலே பென்ஷன் வரும் என்று ஊரில் நினைப்பார்கள். சிப்பாயாகச் சேர்ந்து 15 ஆண்டு முடிக்காமல் திரும்பியவர்களுக்குப் பொதுவாக அது கிடையாது. வயதான பின் குடிசையிலோ, பூட்டிக் கிடக்கும் வளவு வீட்டுக்கு (செட்டிநாட்டுப் பழைய பெரிய வீடு) காவலாக அதன் பின்கட்டிலோ காலம் தள்ளுகிறார்கள். வீட்டுக்கு ஓர் அலுவலகம், மாதச் செலவுக்கு இன்னோர் அலுவலகம். இரண்டையும் சேர்த்தே நகர்த்துங்கள்.

1. முதலில் பெயர்

டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த புத்தகம்), ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் நான்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆதாரில் 'மு. கருப்பன்' என்றிருப்பவர் படைப் பதிவில் அப்பா பெயரும் சேர்ந்து 'கருப்பன் முத்தையா' ஆகியிருப்பார். விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான். படைப் பதிவில் பிறந்த தேதியை மாற்றுவது அநேகமாக நடக்காது. ஆதாரைத் திருத்துவதே எளிது.

மனைவி பெயர் பதிவாகியிருக்கிறதா? இல்லையென்றால் படைவீரர் உயிரோடு இருக்கும்போதே படைப் பதிவு அலுவலகத்துக்கு எழுதுங்கள் (மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன்). பிறகு அந்த அம்மா தனியாக அலைவது பெரும்பாடு.

2. எந்த மாவட்டம்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் என்றால் சிவகங்கை; ராயவரம், அரிமளம் பக்கம் என்றால் புதுக்கோட்டை. அந்தந்த மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்து அடையாள அட்டை வாங்குங்கள்.

3. மாதப் பணம்

மத்திய சைனிக் வாரியத்தின் வறுமை நிவாரண உதவி: 65 வயதைத் தாண்டிய, பென்ஷன் இல்லாத, ஹவில்தார் தரம் வரையிலான படைவீரர்களுக்கும் அவர்களின் கைம்பெண்களுக்கும். 2025 நவம்பர் முதல் வரும் விண்ணப்பங்களுக்கு மாதம் 4,000 ரூபாய் 8,000 ஆகியிருக்கிறது. வாரிய இணையதளத்தில் விண்ணப்பித்து, மாவட்ட அலுவலகப் பரிந்துரையோடு போக வேண்டும். முதியோர் உதவித்தொகை ஏற்கெனவே வந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

4. இடமும் வீடும்

சிக்கல் எல்லாம் இங்கேதான். குடிசை ஊரணிக் கரையிலோ கண்மாய்ப் புறம்போக்கிலோ இருந்தால் பட்டா எதிர்பார்க்காதீர்கள். நீர்நிலை நிலத்துக்குக் கொடுப்பதில்லை. தாசில்தாரிடம் வேறு இடத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு கொடுங்கள். நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) மனை கூட்டுப் பட்டாவில் இருந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா ஆக்குங்கள். இல்லாவிட்டால் கடைக்கால் (அஸ்திவாரம்) போடும் அன்று பங்காளி வந்து நிற்பார்.

ஊராட்சிப் பகுதியில் குடிசையில் இருப்பவருக்குக் கலைஞரின் கனவு இல்லம்: 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. குடிசைக் கணக்கெடுப்பில் பெயர் இருக்கிறதா என்று ஒன்றிய அலுவலகத்தில் பாருங்கள். இது கிராமத்துக்கான திட்டம். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பார்க்கக் கிராமம் மாதிரி இருந்தாலும் பேரூராட்சிகள், காரைக்குடியோ மாநகராட்சி. அங்கெல்லாம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தைத்தான் கேட்க வேண்டும்.

பணம் வேலை நகர நகரத் தவணையாகத்தான் வரும். கடைக்காலுக்குக் கையில் கொஞ்சம் இல்லாமல் தொடங்கினால் பாதியில் நிற்கும், ஐப்பசி மழையில் சுவர் ஊறும். தை, மாசியில் தொடங்குவது நல்லது.

5. வயதானவருக்கு ஏற்ற வீடு

இந்தப் பக்கத்து மேஸ்திரிகளுக்கு வீட்டை உயர்த்திக் கட்டுவதில் ஒரு பெருமை. தண்ணீர் ஏறாத இடமென்றால் ஒன்றரை அடி போதும். அதற்கே சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும், அதாவது அடிக்குப் பன்னிரண்டு அடி. செங்குத்தாகப் போட்டால் சக்கர நாற்காலியைத் தள்ள முடியாது. கழிப்பறைக் கதவு மூன்று அடி அகலம், வெளிப்பக்கம் திறக்கட்டும்: உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் திறக்க முடியாது. உட்காரும் கோப்பைக்குப் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி. அந்தச் சுவரை மட்டுமாவது செங்கல்லில் கட்டச் சொல்லுங்கள், ஹாலோ பிளாக்கில் போல்ட் நிற்காது.