இரண்டு பக்கத்தில் காணாமல் போகும் ஆள்: சட்டக் கல்லூரி விண்ணப்பக் கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் சிலர், தங்களைப் பற்றி எழுதித் தரவேண்டிய பர்சனல் ஸ்டேட்மென்ட் என்ற கட்டுரையின் வரைவை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பதுண்டு. அவற்றில் பாதியாவது நீதி என்றால் என்ன என்று விளக்கித்தான் தொடங்குகின்றன. சமுதாயத்தின் முதுகெலும்பு சட்டம் என்பார்கள். அடுத்த வரியில் ஒரு பெரிய தலைவரின் பொன்மொழி வந்துவிடும். படிக்கப்போவது சட்டக் கல்லூரியின் சேர்க்கைக் குழு. சட்டத்தின் பெருமையை அவர்களிடமே எடுத்துச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான்.

சட்டம் தெரிந்தவர் போலக் காட்டிக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பிலிருந்து இந்தத் தவறு பிறக்கிறது. அமெரிக்காவில் ஜே.டி. என்பது இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு படிக்கும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பு. இசை படித்தவரும் சேரலாம், இயற்பியல் படித்தவரும் சேரலாம். சட்டம் அங்கே போய்க் கற்கவேண்டியது. ஆகவே லத்தீன் சொற்களைத் தூவுவதும், ‘மேற்சொன்ன காரணங்களால்’ என்று வழக்கு மனுவின் நடையில் எழுதுவதும் பயன் தராது. அரைகுறையாகத் தெரிந்த தீர்ப்பு ஒன்றை அலசப் புகுந்தால் பிழைதான் வெளியே தெரியும்.

அடுத்தது, தன்விவரக் குறிப்பையே வாக்கியங்களாக நீட்டுவது. மாணவர் பேரவையில் இருந்தேன், விவாதப் போட்டியில் பரிசு வாங்கினேன், வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பயிற்சி பெற்றேன். இவையெல்லாம் விண்ணப்பத்தின் வேறொரு தாளில் ஏற்கெனவே இருக்கின்றன. மதிப்பெண் பட்டியல், எல்சாட் என்ற நுழைவுத் தேர்வில் 120 முதல் 180 வரையிலான மதிப்பெண், பரிந்துரைக் கடிதங்கள் என எல்லாமே குழுவின் கையில் உண்டு. அந்தக் கட்டில் இல்லாதது உங்கள் குரல் ஒன்றுதான். நேர்காணல் வைக்காத கல்லூரிகளும் இருப்பதால், அந்தக் குரல் கேட்க வேறு வாய்ப்பே வராமல் போகலாம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றியே எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘பல வழக்குகளில் உதவினேன், நிறையக் கற்றுக்கொண்டேன்’ என்ற வரியை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். ஆனால் உங்களுக்குக் கொடுத்த வேலை பழைய வாடகை ஒப்பந்தங்களைக் கோப்புகளில் அடுக்குவது. நான்காம் நாள் ஒரு விஷயம் கண்ணில் பட்டது: பழுதுபார்க்கும் செலவு யாருடையது என்ற பிரிவு, ஒரே உரிமையாளரின் ஒப்பந்தங்களிலேயே இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தது. நீங்கள் அதை ஏமாற்று வேலை என்று முடிவுகட்டினீர்கள். விசாரித்தால், இடையில் ஒப்பந்தப் படிவம் மாறியிருந்தது, அவ்வளவுதான். இந்தச் சின்ன நிகழ்ச்சியில் கவனம் இருக்கிறது, அவசரம் இருக்கிறது, திருத்திக்கொண்ட மனம் இருக்கிறது. வெற்றிக் கதையாக இல்லையே என்று இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். எனக்கு அதில் எப்போதும் வருத்தம் உண்டு.

இன்னொரு வகை, படிக்கும்போது கண் கலங்க வைக்கும் வகை. பாட்டி தனியாளாக நின்று குடும்பத்தைக் காப்பாற்றிய கதை. அல்லது தன்னார்வப் பணியில் சந்தித்த ஓர் அகதிக் குடும்பத்தின் கதை. எழுத்து நன்றாகவே இருக்கும். முடித்ததும் பாட்டிக்கே இடம் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். எழுதியவர் எங்கே போனார் என்று தேட வேண்டியிருக்கும். உதவி பெற்றவர்களைப் பற்றிய கதையில் வேறோர் ஆபத்தும் உண்டு: அவர்கள் பாவப்பட்டவர்களாகவும் நீங்கள் மீட்பராகவும் ஆகிவிடுவீர்கள். சோதிக்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். ‘நான்’ எழுவாயாக வரும் வாக்கியங்களுக்கு அடிக்கோடிடுங்கள். அவற்றில் ‘நெகிழ்ந்தேன்’, ‘உணர்ந்தேன்’ தவிர, நீங்கள் ஏதாவது செய்ததாகவோ முடிவெடுத்ததாகவோ எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். இரண்டு மூன்றுதான் தேறும் என்றால் கட்டுரை இன்னும் பாட்டியுடையதுதான்.

சொந்தத் துயரத்தை எழுதக் கூடாது என்று சொல்லவரவில்லை. நோய், இழப்பு, வறுமை எல்லாம் எழுதலாம். ஆனால் கட்டுரையின் முக்கால் பங்கு நடந்ததிலேயே செலவாகி, அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்பது கடைசி நான்கு வரியில் அமுங்கிவிடுகிறது. அளவைத் தலைகீழாக்குங்கள். எழுத மனம் வராத துயரத்தைக் குழுவுக்காக வலிந்து தோண்டி எடுக்கவும் வேண்டாம். துயரம் இல்லாதவர்களும் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இதோடு தொடர்புடைய ஒரு குழப்பம் 2023 ஜூனிலிருந்து காணப்படுகிறது. சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறைக்கு எதிராக அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், பின்னணியைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று ஒரு மாணவர் எழுதுவதைப் பல்கலைக்கழகம் கருத்தில் கொள்ளத் தடையில்லை என்று அதே தீர்ப்பு சொல்கிறது. ஆனால் வெறும் அடையாளமாக நிற்காமல், அந்த மாணவரின் துணிவோடோ திறமையோடோ அது இணைய வேண்டும்.

குறைந்த மதிப்பெண்ணுக்கு விளக்கம் தர இந்தக் கட்டுரை இடமல்ல. அதற்கு அடென்டம் என்ற தனித்தாள் உண்டு. இரண்டாம் பருவத்தில் மருத்துவமனையில் இருந்தேன், அதற்குப் பின் மதிப்பெண் இப்படி உயர்ந்தது என்று சில வரிகள் போதும், புலம்பல் வேண்டாம். ஒழுங்கு நடவடிக்கை, கைது போன்றவற்றைக் கேட்கும் கேள்விகளுக்கும் நேராகப் பதில் சொல்லிவிடுங்கள். வழக்கறிஞர் உரிமம் பெறும் கட்டத்தில் நடத்தை விசாரணை வரும். கல்லூரிக்குச் சொன்னதையும் அங்கே சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அப்போது பழைய தவறைவிட மறைத்ததுதான் பெரிதாகிவிடும்.

எழுதித் தர ஆள் பிடிப்பதும், கணினியிடம் எழுதித் தரச் சொல்வதும் வேறு விதச் சிக்கல். செயற்கை நுண்ணறிவு பற்றிய விதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும்: 2023-ல் மிச்சிகன் கூடாது என்றது, அரிசோனா ஸ்டேட் சொல்லிவிட்டுப் பயன்படுத்தலாம் என்றது. விதி இருக்கட்டும். எல்சாட் தேர்வோடு மேற்பார்வையில் எழுதிய கட்டுரை ஒன்றும் கல்லூரிக்குப் போகிறது. அதற்கு மதிப்பெண் இல்லை, ஆனால் படிக்கலாம். ஒன்றில் தடுமாறும் நடையும் மற்றதில் வழவழப்பும் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

ஒரே கட்டுரையை எல்லாக் கல்லூரிக்கும் அனுப்புவதில் பாதி நியாயம் இருக்கிறது, உள்ளடக்கம் உங்களுடையதுதானே. ஆனால் கேட்பது ஒன்றல்ல. இருவரி இடைவெளியில் இரண்டு பக்கம் என்பது பரவலான அளவு. பெர்க்லி நான்கு பக்கம் வரை இடம் கொடுத்திருக்கிறது. ஹார்வர்ட், நோக்கம் பற்றி ஒன்றும் பார்வை பற்றி ஒன்றுமாக இரண்டு கட்டுரைகளைக் கேட்கத் தொடங்கியது. யேல் 250 சொற்களில் தனிக் கட்டுரை கேட்பதற்குப் பெயர்போனது. ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்ப்பதே சரி. இரண்டு பக்கம் கேட்ட இடத்தில் எழுத்தைச் சுருக்கி, ஓரத்தைக் குறைத்து மூன்று பக்கத்தைத் திணிப்பது படிப்பவரின் கண்ணுக்குச் செய்யும் கொடுமை.

‘ஆகவேதான் தங்கள் மதிப்புமிக்க கல்லூரியில்’ என்று தொடங்கும் கடைசிப் பத்தியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதற்கு முந்தைய பத்தியிலேயே கட்டுரை முடிந்திருக்கும். அங்கே குறிப்பிட்ட கல்லூரியின் பெயர் எழுதியிருந்தால், கோப்பை ஏற்றும் முன் அந்தப் பெயர் அந்தக் கல்லூரியுடையதுதானா என்று வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நாற்பது முறை படித்த உங்கள் கண்ணுக்கு அது தெரியாது.